முகவரியில் தவறு இல்லை, உங்கள் ஆப் அதை நிரப்பும் விதத்தில்தான் தவறு

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும், முக்கியமாக ஆப்பில் முகவரிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் குழுவுக்கும்,

வணக்கம். திருப்பத்தூர் மாவட்டம் ஆம்பூர் வட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டிலேயே ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. அதற்கான தையல் மெஷின் பாகம் ஒன்றை உங்கள் ஆப்பில் வாங்கினேன். அது 300 கிலோமீட்டருக்கும் அப்பால், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் திருப்பத்தூருக்குப் போய், அங்கே என் தெருவைத் தேடிவிட்டு, 'முகவரி தவறு' என்ற குறிப்போடு உங்களிடமே திரும்பிவிட்டது. திருப்பி அனுப்பிய கூலியை என் பணத்தில் கழித்தீர்கள், கேஷ் ஆன் டெலிவரியையும் என் கணக்கில் நிறுத்திவிட்டீர்கள். போனில் பேசியவரோ, "நாங்க ஓபன்ஸ்ட்ரீட்மேப்தான் சார் யூஸ் பண்றோம், அதுல யாரோ தப்பா போட்டிருப்பாங்க, அங்கேயே சொல்லுங்க" என்று முடித்துக்கொண்டார்.

அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியாது. எங்கள் பக்கத்துத் தெருக்களையும் ஏரிகளையும் அந்த வரைபடத்தில் சேர்த்து வருபவன் நான். சம்பளம் வாங்காமல் ஊர்க்காரர்கள் சேர்ந்து உருவாக்கும் வரைபடம் அது. எங்கள் வட்டத்தின் எல்லையும் மாவட்டத்தின் எல்லையும் அதில் சரியாகவே இருக்கின்றன. ஆப்பின் வரைபடத்தில் நான் என் வீட்டின் மேல் குறி வைத்ததும், அந்த எல்லைகளை எடுத்து உங்கள் முகவரிப் படிவத்தின் கட்டங்களில் நிரப்பும் இடத்தில்தான் கோளாறு.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு நிர்வாக எல்லைக்கும் ஒரு நிலை எண் உண்டு. இந்தியாவில் மாநிலத்துக்கு 4, மாவட்டத்துக்கு 5, வட்டத்துக்கு 6. இந்த எண்களுக்கு எல்லா நாட்டிலும் ஒரே பொருள் கிடையாது. அமெரிக்காவில் கவுண்டிக்கு 6, பிரான்சில் கம்யூன் எனப்படும் உள்ளூராட்சிக்கு 8. பிரான்சில் நாடு முழுவதும் ஓர் இடம் விடாமல் ஏதாவது ஒரு கம்யூனுக்குள் அடங்கிவிடும், அதனால் எங்கே குறி வைத்தாலும் 8-ஆம் நிலையில் ஓர் ஊர் கிடைக்கும். இங்கே அப்படி இல்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன, அவற்றில் ஏராளமான ஊர்கள் வரைபடத்தில் பெயரோடு ஒரு புள்ளியாக மட்டுமே இருக்கும், சுற்றிலும் எல்லைக்கோடு இருக்காது. நகராட்சி எல்லையைத் தாண்டினால் 'நகரம்' என்ற கட்டத்துக்குள் போட எந்த எல்லையும் கிடைக்காது. கிடைக்காதபோது உங்கள் ஆப் என்ன செய்கிறது என்பதை ஆம்பூர் ஊருக்குள் குறியை வைத்து, பிறகு மெதுவாக வெளியே நகர்த்திப் பார்த்தால் நீங்களே தெரிந்துகொள்ளலாம். உள்ளே இருக்கும்வரை நகரம் 'ஆம்பூர்' என்று வரும். எல்லையைத் தாண்டியதும் 'திருப்பத்தூர்' என்று மாறிவிடும். அது மாவட்டத்தின் பெயர். திருப்பத்தூர் நகரத்துக்கு இங்கிருந்து பஸ்ஸில் போக வேண்டும். வட்டம் என்று ஒரு கட்டமே உங்கள் படிவத்தில் இல்லாததால் ஆம்பூர் என்ற பெயர் உட்கார இடம் இல்லாமல் காணாமல் போகிறது.

அப்புறம் மாவட்டம். 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்து ராணிப்பேட்டையையும் திருப்பத்தூரையும் தனி மாவட்டங்களாக்கினார்கள். இன்று மாநிலத்தில் 38 மாவட்டங்கள். உங்கள் பட்டியலில் இன்னும் பழைய 32 தான் இருக்கிறது, தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, மயிலாடுதுறை எதுவுமே இல்லை. திருப்பத்தூர் அந்தப் பட்டியலில் இல்லாததால் என் பார்சலின் லேபிளில் மாவட்டக் கட்டம் காலியாகவே அச்சாகியிருக்கிறது. நகரம் திருப்பத்தூர், மாவட்டம் வெற்று. இதைப் பார்க்கும் யாரும் சிவகங்கைத் திருப்பத்தூர் என்றுதானே நினைப்பார்கள்? பார்சலை ஊர்வாரியாகப் பிரித்து அனுப்பிய ஊழியரைக் குறை சொல்ல மாட்டேன்.

இத்தனைக்கும் அதே லேபிளில் என் பின்கோடு 635802 தெளிவாக இருக்கிறது. சிவகங்கைத் திருப்பத்தூரின் பின்கோடு 630211. பின்கோட்டைப் பார்த்தே பார்சலைப் பிரித்திருந்தால் அது அந்தப் பக்கமே போயிருக்காது. அதற்காக முதல் மூன்று எண்ணை வைத்து மாவட்டத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அடுத்த குறுக்குவழிக்குப் போய்விடாதீர்கள், ஏனென்றால் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும்கூட அதே 635 தான். தபால் துறை பிரித்த விதம் வேறு, வருவாய்த் துறை பிரித்த விதம் வேறு. ஒன்றிலிருந்து இன்னொன்றை ஊகிக்கக் கூடாது.

எனக்கு ரொம்பக் கோபம் வருவது ஒரு விஷயத்தில். குறி வைத்ததும் வரும் நகரப் பெயரை நான் திருத்த முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறீர்கள். என் ஊர் எது என்று சொல்லும் உரிமையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு, நீங்களே ஒரு பெயரை எழுதி, அது தவறு என்று பழியை என் கணக்கில் ஏற்றியிருக்கிறீர்கள். இங்கே கிராமங்களில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இதே கதிதான், அவர்களில் பலர் 'நமக்கு டெலிவரி வராது' என்று விட்டுவிடுகிறார்கள்.

நகரக் கட்டத்தை நாங்கள் திருத்தும்படி திறந்துவிடுங்கள். ஊர் எல்லை கிடைக்காத இடத்தில் மாவட்டப் பெயரைப் போடாதீர்கள், அருகிலுள்ள கிராமப் புள்ளியின் பெயரைக் காட்டி 'இதுதானா உங்கள் ஊர்?' என்று கேளுங்கள். வட்டத்துக்கு ஒரு கட்டம் சேர்த்து, மாவட்டப் பட்டியலையும் புதுப்பியுங்கள்.

என் விஷயத்தில், பிடித்த கூலியைத் திருப்பித் தந்து, 'முகவரி தவறு' என்ற பதிவை நீக்கி, கேஷ் ஆன் டெலிவரியை மறுபடி இயக்கியதாக மின்னஞ்சலில் எழுத்தாகத் தெரிவிக்க வேண்டும். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வேன். லேபிளின் படமும், குறியை நகர்த்தும்போது பெயர் மாறுவதைக் காட்டும் திரைப் பதிவும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஆம்பூர் வட்டம், திருப்பத்தூர் மாவட்டம் 635802