உறுதிமொழியோடு வரலாறும் வேண்டும்

ஆசிரியருக்கு,

ஜனவரி 25, தேசிய வாக்காளர் தினத்தன்று பள்ளி மாணவர்கள் உறுதிமொழி ஏற்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். நல்லதுதான். ஆனால், வாக்குரிமை யாருக்கெல்லாம் மறுக்கப்பட்டிருந்தது என்பதைச் சொல்லித் தராமல் உறுதிமொழியை மட்டும் ஒப்பிக்க வைப்பது அரைகுறைப் பாடம். சென்னை மாகாணத்தில் 1921-லேயே பெண்கள் வாக்குரிமை பெற்றதைப் பெருமையாகச் சொல்கிறோம். சொத்துத் தகுதி உடைய சிலருக்கே அது வாய்த்தது என்பதை விட்டுவிடுகிறோம். ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலும் சொத்து, வரி, கல்வி என்ற வேலிகள் இருந்தன. 21 வயது நிரம்பிய எல்லாருக்கும் வாக்கு என்பது 1951-52 பொதுத்தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது. அப்போதும், சொந்தப் பெயரைச் சொல்லாமல் ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் மகள்’ என்றே பதிந்த சுமார் 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வட மாநிலத்தவர், பட்டியலில் இடம் இழந்தனர்.

நான் பணியில் இருந்தபோது எட்டாம் வகுப்பில், வீட்டுப் பெரியவர்களிடம் பழைய தேர்தல்களைப் பற்றிக் கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் ஒரு மாணவி எழுந்து, “காடு தோட்டம் இருந்தவங்களுக்குத்தான் அப்பெல்லாம் ஓட்டாமுங்க சார், கூலிக்குப் போனவங்களுக்கு இல்லையாமா. எங்க பெரிய அமுச்சி சொன்னாங்க” என்றாள். “அதெப்படிங்க சார்?” என்று வகுப்பே கேட்டது. பாடநூலின் எந்த வரியும் அந்தக் கேள்வியை எழுப்பியதில்லை. உறுதிமொழி ஏற்கும் வாரத்தில் ஒரு சமூக அறிவியல் பாடவேளையை, இப்படிக் கேட்டு வந்ததை மாணவர்கள் எழுதி வாசிப்பதற்கெனப் பள்ளிக்கல்வித் துறை ஒதுக்கலாம்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்