அகதியை வேறு நாட்டுக்கு அனுப்பினால் பொறுப்பு தீராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புகலிடம் கேட்டு வருபவரை வேறொரு நாட்டில் வைத்து விசாரிக்கும் ஏற்பாடு பற்றிய தங்கள் தலையங்கம், 'அனுப்பிவைத்த பிறகு அனுப்பிய நாட்டுக்குப் பொறுப்பில்லை' என்று முடித்திருந்தது. அது சட்டப்படி தவறு. காரைக்குடியில் பர்மா காலனியும் திருமயம் பக்கம் லேனாவிளக்கில் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கும் இந்த வட்டாரத்தில், அந்த வரியை நம்பி ஏமாறக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரை 'எந்த வகையிலும்' திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. நேராக அனுப்புவதும் இன்னொரு நாட்டின் வழியே அனுப்புவதும் இதில் ஒன்றுதான். விண்ணப்பத்தின் மீது முடிவு வரும்வரை இந்தப் பாதுகாப்பு காத்திருப்பதும் இல்லை. ஒருவர் அகதியாக இருப்பதால்தான் அரசு அவரை அங்கீகரிக்கிறது. அங்கீகாரத்தால் அவர் அகதியாவதில்லை.

புகலிடம் கேட்டவர்களை ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவுக்கு அனுப்பி அங்கேயே விசாரிக்கும் பிரிட்டனின் திட்டம் 2023 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது இந்த இடத்தில்தான். ருவாண்டாவின் விசாரணை முறை பழுதானது. உண்மையான அகதிகளும் அங்கிருந்து சொந்த நாட்டுக்கே தள்ளப்படும் அபாயம் இருக்கிறது என்றது நீதிமன்றம். இஸ்ரேல் முன்பு ருவாண்டாவுக்கு அனுப்பியவர்கள் உகாண்டாவுக்குக் கடத்திவிடப்பட்டதும் கணக்கில் எடுக்கப்பட்டது. 70 கோடி பவுன் செலவாகி, தாமாக முன்வந்து போனவர்கள் நான்கே பேர். 2024இல் திட்டம் கைவிடப்பட்டது.

நம் ஆட்களின் கதை இதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து படகில் கிளம்பிய 157 இலங்கைத் தமிழரை ஆஸ்திரேலியா நடுக்கடலில் மறித்து, ஏறத்தாழ ஒரு மாதம் கப்பலிலேயே அடைத்து வைத்தது. கடைசியில் பசிபிக் கடலிலுள்ள தனி நாடான நவுரு தீவுக்கு அனுப்பியது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 4-3 என்ற பெரும்பான்மையில், கடலில் அடைத்து வைத்தது உள்நாட்டுச் சட்டப்படி செல்லும் என்றது. சர்வதேசக் கடமை தீர்ந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. நவுருவில் வைக்கப்பட்ட சிறார்கள் தொடர்பான புகாரில், 2025 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமைக் குழு ஆஸ்திரேலியாவையே பொறுப்பாளியாக்கியது: முகாமை அமைத்ததிலும் நடத்தியதிலும் அதன் கை இருந்தது, பணமும் அதனுடையது. இந்தியப் பெருங்கடலில் பிரிட்டன் நிர்வகித்த டியாகோ கார்சியா தீவில் 2021 அக்டோபர் முதல் வைக்கப்பட்டிருந்த தமிழர்கள் சட்டவிரோதமாகவே அடைக்கப்பட்டிருந்தனர் என்று அந்தப் பிரதேச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகு வந்த நீதி.

தூரத்தில் வைத்து விசாரிக்கும்போது முதலில் கெடுவது நேர்காணல்தான். வக்கீல் கூட இருக்கமாட்டார். மொழிபெயர்ப்பாளர் ஃபோனில் இருப்பார். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் 'அண்ணனைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம்' என்கிறார். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பது பொருள். நம் ஊர்ப் பேச்சு மட்டும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் காதில் 'போட்டுவிட்டார்கள்', அதாவது கொன்றுவிட்டார்கள், என்று விழலாம். இரண்டாம் நேர்காணலில் 'அண்ணன் காவலில் இருக்கிறார்' என்று அவர் சொன்னதும், முன்னுக்குப்பின் முரண் என்று எழுதி மனுவைத் தள்ளிவிடுவார்கள். அந்தப் பதிவை அவருக்குத் தமிழில் வாசித்துக்காட்டி, திருத்திய பிறகே கையொப்பம் வாங்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீடு முடியும்வரை திருப்பி அனுப்பக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அதை விசாரணை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தியா 1951 உடன்படிக்கையில் சேரவில்லை என்பது உண்மை. ஆனால் உயிர் வாழும் உரிமையைக் காக்கும் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் 1979இலேயே சேர்ந்துவிட்டது. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு அயல்நாட்டவர் உயிரையும் காக்கிறது.

ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் பரிந்துரையில் மூன்றாம் நாடு ஒன்று ஆளை ஏற்றுக் குடியமர்த்துவது வேறு. வாசலில் வந்து நிற்பவரை இன்னொரு நாட்டுக்குத் தள்ளுவது வேறு. தலையங்கம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. 'ஏதாவது ஒரு தீவில் இறங்கினால் போதும், விசாரித்து அழைத்துக்கொள்வார்கள்' என்று படகு ஏஜென்ட்டுகள் பணம் கறப்பது இந்தக் குழப்பத்தை வைத்துத்தான். தலையங்கம் வந்த அதே பக்கத்தில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அகதிகள் சட்டம் பயின்ற வழக்குரைஞர்,
தேவகோட்டை