குழாயடிச் சண்டை

அன்பு மாப்ளே,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டிவிட்டு அப்புறம் படி. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். அம்மிணி வேலைக்குப் போகிறாள். வீட்டுச் சேதி அவ்வளவுதான்.

போன வியாழன் ராத்திரி ஒன்றரை மணிக்கு வீதியில் நின்று சண்டை போட்டேன். நானேதான்! வாத்தியார் பிரம்பு காணாமல் போன அன்றுகூட வாய் திறக்காதவன். எல்லாம் நல்ல தண்ணிக்காக. பத்து நாளைக்கு ஒருமுறை வருகிறது, அதுவும் சாமத்தில். எதிர்வீட்டுப் பையன் குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறான். எங்களுக்கு வெறும் காற்று. (என் வீட்டிலும் ஒரு மோட்டார் இருக்கிறது. உன்னிடம் மறைப்பானேன்.)

தண்ணீர் குறைந்த குழாயில் மோட்டார் ஓடினால் உள்ளே வெற்றிடம் உண்டாகும், விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்து இழுத்துவிடும் என்று அவனுக்குப் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டவன், "அங்கிள், இந்த சைட்டெல்லாம் நீங்க வித்ததுதானே?" என்றான்.

வாயடைத்துப் போனேன், மாப்ளே. அப்பாவின் நாலு ஏக்கர். ஒரு குடும்பம் இருந்த இடத்தில் இன்றைக்கு ஐம்பது வீடு. 2011-ல் சரவணம்பட்டியைக் கோவை மாநகராட்சியோடு சேர்த்தபோது பட்டாசு வெடித்தோமே! மாநகராட்சியின் பரப்பு 105 சதுர கிலோமீட்டரிலிருந்து ஒரே வீச்சில் 257 ஆனது. எல்லைக்கோட்டை ஒரு நாளில் நகர்த்திவிடலாம்; குழாயைத் தோண்டித்தானே பதிக்க வேண்டும்? எங்கள் வீதிக் குழாய் பேரூராட்சிக் காலத்தது. பில்லூர் மூன்றாம் குடிநீர்த் திட்டம் 2024-ல் தொடங்கியும் எங்கள் வீதிக்கு முறை மாறவில்லை. கழிவுநீருக்கு இன்னும் செப்டிக் டேங்க் லாரிதான்.

உப்புத் தண்ணிக்காவது நம் கிணறு இருந்தது. நாம் குதித்த கிணறு. அதையும் மூடித்தான் சைட் போட்டார்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது எனக்கு அது உறைக்கவே இல்லை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் தெரியுமா? அவிநாசியில் உன் தோட்டத்தைப் புரோக்கர் வந்து அளந்து பார்த்ததாக உன் தம்பி சொன்னான். அத்திக்கடவுத் திட்டத் தண்ணீர் குளத்துக்கு வந்ததும் விலை ஏறியிருக்கும். விற்காதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. கிணற்று மூலையை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நான் வரும்வரை அட்வான்ஸ் வாங்காதே.

உன்
சுப்பு