கோமதி, உன் ஊர் மண் கொஞ்சம் வேண்டும்

அன்புள்ள கோமதி,

கடிதம் கிடைத்தது. தென்காசியில் சாரல் ஆரம்பித்துவிட்டது என்று படித்ததும் பொறாமையாக இருந்தது, இங்கே பாளையங்கோட்டையில் காற்று மட்டும்தான். "ஏட்டி, கம்ப்யூட்டர்ல எப்படி சிமென்ட் செய்வ?" என்று கேட்டிருந்தாய். இத்தனை வருஷம் வீடு கட்டுகிறவள் நீ, உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்லப் போகிறேன்.

தாழையூத்து சிமென்ட் ஆலை 1949-இல் தொடங்கியது, அங்கே கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். அந்தக் கல் சுத்தமாக இருந்தால் 100 கிலோவைச் சுட்டு 56 கிலோ சுண்ணாம்பு எடுக்கலாம், மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாக வானத்துக்குப் போய்விடும். கயத்தாறு காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுவந்து சூளையைச் சூடாக்கினாலும் இந்த 44 குறையாது, ஏனென்றால் அது நிலக்கரியிலிருந்து வருவதில்லை, கல்லுக்குள்ளேயே இருப்பது. உலகம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏழெட்டு சதவீதம் சிமென்டால் வருகிறது என்றால் இதுதான் பெரிய காரணம்.

அதனால் சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரியில் சுட்டு எடுக்கும் கிளிங்கரை, அதாவது அரைத்துச் சிமென்டாக்கும் கட்டியை, குறைத்து வேறு எதையாவது சேர்க்க வேண்டும். நீ வாங்கும் பிபிசி (சாம்பல் கலந்த சிமென்ட்) மூட்டையில் அனல் மின்நிலையச் சாம்பல் 35 சதவீதம் வரை இருக்கலாம், ஆனால் நிலக்கரி எரிப்பது குறைந்தால் சாம்பலும் குறையும். களிமண் அப்படியில்லை. சுவிட்சர்லாந்தில் சிமென்ட் ஆராய்ச்சியாளர் கேரன் ஸ்க்ரிவனர் குழுவும், கியூபாக்காரர்களும், டெல்லி, சென்னை ஐஐடிகளும் சேர்ந்து வளர்த்த எல்சி3 என்ற சிமென்டில் கிளிங்கர் பாதிதான். மீதியில் சுட்ட களிமண் 30 சதவீதம், சுடாத சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5. களிமண்ணுக்கு 700-இலிருந்து 850 டிகிரி போதும். கார்பன் 30, 40 சதவீதம் குறைகிறது. 2023-இல் இதற்கு இந்தியத் தரக்குறியீடும் வந்துவிட்டது.

ஆனால் எந்தக் களிமண், எவ்வளவு சூடு, எவ்வளவு நைஸாக அரைப்பது? ஒவ்வொன்றுக்கும் பலம் பார்க்க கான்கிரீட் கியூப் போட்டு 28 நாள் காத்திருக்க வேண்டும், கம்பி துருப்பிடிக்குமா என்று பார்க்க வருஷக்கணக்கு ஆகும். இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. கயோலினைட் என்ற களிமண் தாதுவின் அணுக்களை அப்படியே கணக்கில் வைத்துச் சூடேற்றினால், அதிலிருக்கும் ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) தண்ணீராகப் போய், அடுக்கு குலைந்து, அலுமினியம் வினைபுரியத் தயாராக நிற்பது தெரியும். கரிசல் மண்ணில் இருக்கும் மான்ட்மோரில்லனைட்டில் அலுமினிய அடுக்கு இரண்டு சிலிக்கா அடுக்குகளுக்கு நடுவில் சிக்கியிருக்கிறது, சுட்டாலும் அவ்வளவு லேசில் வெளியே வராது. அப்புறம் இன்னொரு வகைக் கணக்கு: தண்ணீர் சேர்த்த பிறகு என்னென்ன படிகம் உருவாகும், எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று வெப்ப இயக்கவியல் வழியாகக் கணிப்பது. சுட்ட களிமண்ணின் அலுமினாவும் (அலுமினியம் ஆக்சைடு) சுண்ணாம்புக்கல்லின் கார்பனேட்டும் சேர்ந்து துவாரங்களை அடைப்பதால்தான் கிளிங்கர் பாதியானாலும் கான்கிரீட் தாங்குகிறது. இதைத் திரையில் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு நிறைந்துபோகிறது.

கம்ப்யூட்டர் கியூப் டெஸ்ட்டை ஒழித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. நூறு கலவையில் தொண்ணூறை முயன்று பார்க்கவே வேண்டாம் என்று சொல்கிறதே, அது போதும். அந்தப் பதிலும் கொடுக்கிற மண்ணைப் பொறுத்ததுதான். கியூபா மண்ணை அளந்த எண்ணை வைத்துக்கொண்டு கடையநல்லூர்க்காரருக்கு வழி சொல்ல முடியாது. கோவில்பட்டிப் பக்கம் கரிசல், உங்கள் பக்கம் செம்மண், இடையில் குளத்து மண், எல்லாம் ஒரே மாவட்டமாக இருந்த பூமிதான், ஆனால் சூளையில் ஒவ்வொன்றும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பெரிய ஆராய்ச்சிக்கூடங்கள் நம் குளக்கரைக்கு வந்து அளக்கும் என்று காத்திருக்க எனக்கு மனமில்லை.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். செங்கல் சூளைக்கு மண் எடுக்கும் இடத்திலும், உன் சைட்டில் அஸ்திவாரம் தோண்டும்போதும், மேல் மண்ணை விட்டுவிட்டுக் கீழே இருந்து இரண்டிரண்டு கிலோ எடுத்து, நிழலில் உலர்த்தி, எந்த இடம், எத்தனை அடி ஆழம் என்று பையின் மேல் எழுதி அனுப்பு. செம்மண் முதலில் வரட்டும், அதில் கயோலினைட் அதிகம் இருக்க வாய்ப்பு உண்டு. ஐப்பசி பிறந்துவிட்டால் தோண்ட முடியாது, அதற்கு முன்னாலேயே எடுத்துவிடு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
இசக்கி