வைட்டமின் டி சொட்டு மருந்து: லேபிளைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் பிரீகேஜி, எல்கேஜி பிள்ளைகள் பலருக்கு வீட்டில் கைக்குழந்தையாகத் தம்பியோ தங்கையோ இருக்கிறார்கள். இந்தக் கடிதம் அந்தக் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான்.

தாய்ப்பாலுக்கு ஈடில்லை, ஆனால் வைட்டமின் டி அதில் மிகக் குறைவு. அதனால் ஒரு வயது முடியும்வரை தினமும் 400 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) சொட்டு மருந்தாகக் கொடுக்கச் சொல்கிறார்கள் குழந்தை நல மருத்துவர்கள். குழப்பம் பாட்டிலில்தான் வருகிறது. கடையில் 1 மி.லி.க்கு 400 ஐ.யு. உள்ளதும் கிடைக்கும், 800 ஐ.யு. உள்ளதும் கிடைக்கும். முதல் வகையில் 1 மி.லி. கொடுக்க வேண்டும், இரண்டாவதில் அரை மி.லி. போதும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் சில பாட்டில்களில் ஒரே துளியிலேயே 400 ஐ.யு. இருக்கும். அதை டிராப்பர் நிறைய எடுத்துக் கொடுத்தால் அளவு பல மடங்கு கூடிவிடும். ஒவ்வொரு முறை பாட்டில் மாறும்போதும் லேபிளைப் படியுங்கள். பழைய டிராப்பரைப் புதிய பாட்டிலுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

குழந்தையின் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, கன்னத்தின் உட்புறமாக மெல்ல விடுங்கள். பால் பாட்டிலில் கலக்க வேண்டாம். குழந்தை மிச்சம் வைத்தால் மருந்தும் அதிலேயே போய்விடும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.

பெரியவர்களுக்கு எழுதித் தரும் 60,000 ஐ.யு. பாக்கெட்டைப் பிள்ளைகளுக்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது. ஒரு கைக்குழந்தைக்கு அது 150 நாள் அளவு! இந்த வைட்டமின் கொழுப்பில் கரைவது. மிஞ்சியது சிறுநீரில் எளிதாக வெளியேறாமல் உடம்பில் தங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், பசியின்மை, ஓயாத தாகம் வரும்; சிறுநீரகமும் கெடலாம். அப்படித் தெரிந்தால் மருந்தை நிறுத்திவிட்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

காலை ஏழு மணி இளவெயிலில் குழந்தையைக் காட்டினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் அந்நேரத்தில் மிகக் குறைவு. ஜன்னல் கண்ணாடி அதையும் தடுத்துவிடும். அதற்காக ஆறு மாதம் நிறையாத குழந்தையை உச்சி வெயிலில் கிடத்தக் கூடாது, தோல் தாங்காது. சொட்டு மருந்தே பாதுகாப்பு.

ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குச் சொட்டு தொடர வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவுசெய்யட்டும். கால்சியம் குறைந்தால் வைட்டமின் டி மட்டும் எலும்பைக் காக்காது. பால், தயிர், கேழ்வரகுக் கூழ், எள்ளுருண்டை, முருங்கைக்கீரை அடிக்கடி கொடுங்கள். மணிக்கட்டு தடித்திருந்தாலோ, இரண்டு வயதுக்குப் பிறகும் கால்கள் வளைந்திருந்தாலோ, ஒன்றரை வயதாகியும் நடக்காவிட்டாலோ காத்திருக்காமல் காட்டுங்கள்.

எல்கேஜி, யுகேஜி விளையாட்டு நேரம் திறந்த மைதானத்தில்தான். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தனுப்புங்கள். வைட்டமின் மருந்துகளைப் பையில் வைத்து அனுப்ப வேண்டாம். அவற்றை வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்