சிறுகதைக்குப் புகைப்படம் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்புக்கு வாசகர்களிடம் சிறுகதை கேட்டு அறிவிப்பு வெளியிட்டிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் 'சமீபத்தில் எடுத்த புகைப்படமும் ஊர், பணி விவரமும் கட்டாயம்' என்று கீழே ஒரு வரி இருக்கிறது. அந்தக் கட்டாயத்தை எடுத்துவிடக் கேட்டே இதை எழுதுகிறேன்.

துறையூர் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். மதியச் சாப்பாடு முடிந்து, அரிசி, பருப்பு, முட்டை இருப்பைப் பதிவேட்டில் ஏற்றிய பிறகு கொஞ்சம் நேரம் கிடைக்கும். அதில்தான் எழுதுவது. புனைபெயரில் எழுதிக்கொண்டிருந்த வரைக்கும் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது.

பிறகு ஒரு வார இதழில் படத்தோடு கதை வந்தது. சோற்றில் உப்பில்லை என்று ஒரு கிழவி தட்டைத் தள்ளிவிடுவாள், அவ்வளவுதான் கதை. பஸ் நிறுத்தத்தில் என் சின்ன மாமியார் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, எங்க அக்காளத்தானே எழுதியிருக்க?" இல்லை என்றேன். "அப்ப எந்தக் கிழவி, பேரச் சொல்லு" என்றார். கதையில் வருகிறவர்களுக்கு நான் எங்கே போய் ரேஷன் கார்டு காட்டுவது?

அவர் கேட்டதுகூடப் பெரிதில்லை. அடுத்து எழுத உட்கார்ந்தால் கிழவி உப்பில்லாத சோற்றைப் புகழ்ந்து புகழ்ந்து சாப்பிடுகிறாள். குடித்துவிட்டு வாசலில் கிடக்க வேண்டிய கொழுந்தனைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு நல்ல பிள்ளையாக அனுப்பிவிட்டேன். எல்லாரும் யோக்கியர்கள். படித்துப் பார்த்துக் கிழித்துப் போட்டேன்.

எழுதுகிறவர்கள் கூச்சத்தை விட்டு மேடையேறிப் பழக வேண்டும் என்று உங்கள் நாளிதழிலேயே ஒருவர் அறிவுரை சொல்லியிருந்தார். மேடைக்கு நான் பயப்படவில்லை. முட்டை குறைந்து வந்ததை ஒன்றிய அலுவலகக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டவள்தான். அங்கே கேட்டது வேலை விஷயம். கதையில் வருவது வீட்டுக்குள் யாரிடமும் சொல்லாதது. அதற்குப் பக்கத்தில் என் முகத்தையும் அச்சடித்தால் மறுநாள் அதே தெருவில்தான் நான் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்தின் துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மா புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் இந்தப் புனைபெயரில் ஒளித்து எழுதியவர். அந்தப் புனைபெயர் இல்லாவிட்டால் அந்தக் கவிதைகள் நம் கைக்கு வந்திருக்குமா? பிறகு 2001-ல் பேரூராட்சித் தலைவராகி அதே ஊரில் பொதுவாழ்க்கைக்கு வந்தார். வெளியே வரும் நேரத்தை எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். (சுஜாதா மனைவி பெயரில் எழுதியதைச் சிலர் இதோடு சேர்ப்பார்கள். அவருடைய இயற்பெயர் ரங்கராஜன்; அப்போது எழுதிக்கொண்டிருந்த ரா.கி. ரங்கராஜனோடு குழப்பம் வரக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார். அது வேறு கதை.)

ஊரறிந்த எழுத்தாளருக்கே பாதுகாப்பில்லை. 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பி, பக்கத்து நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, எழுத்தாளன் பெருமாள் முருகன் இறந்துவிட்டான் என்று 2015-ல் அவரே முகநூலில் எழுத நேர்ந்தது. அவர் மறுபடி எழுதட்டும் என்று 2016-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. சின்ன மாமியார் வழக்கை எந்த நீதிமன்றம் எடுக்கும்?

புனைபெயரை அனுமதித்தால் திருட்டுக் கதைகள் வரும் என்பீர்கள். நியாயம்தான். உண்மைப் பெயர், முகவரி, கைபேசி எண், சொந்தக் கதைதான் என்ற உறுதிமொழி எல்லாவற்றையும் வாங்கி அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சில் மட்டும் வேண்டாம். புகைப்படம் விரும்புகிறவர்கள் அனுப்பட்டும்.

சன்மானத்தை உண்மைப் பெயருக்கே அனுப்பலாம். அதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
துறையூர் வட்டம்
(பெயரும் முகவரியும் தங்கள் பார்வைக்கு மட்டும் தனித்தாளில்)