வெப்ப அலையா, வெறும் வெயிலா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘வடக்கு மாநிலங்களில் வெப்ப அலை’ என்று நம் மலேசிய வெயிலைப் பற்றிச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த தலைப்பைப் பார்த்துவிட்டு, திருச்சியிலிருந்து என் அத்தை மகன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். “எத்தனை டிகிரி மச்சான்?” “முப்பத்தஞ்சு” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். கத்திரி வெயிலில் அவர்களுக்கு அது குளுமையான நாளாம்.

அவர் சிரித்ததிலும் நியாயம் உண்டு. இந்திய வானிலைத் துறை, சமவெளியில் குறைந்தது 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் வெப்ப அலை என்கிறது. டென்மார்க்கிலோ மூன்று நாள் உச்ச வெப்பத்தின் சராசரி 28ஐத் தாண்டினாலே போதும். பினாங்கில் 28 என்பது மழை பெய்து ஓய்ந்த மத்தியானம்! அந்தந்த ஊர் உடம்பும் வீடும் எந்தச் சூட்டுக்குப் பழகியிருக்கிறதோ, அதை வைத்துத்தான் கணக்கு.

சரி, நம் நாட்டுக் கணக்கு என்ன? உச்ச வெப்பம் மூன்று நாள் தொடர்ந்து 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் நம் வானிலைத் துறையான மெட்மலேசியா முதல் நிலை எச்சரிக்கை விடும். 37ஐத் தாண்டி 40 வரை மூன்று நாள் நின்றால்தான் இரண்டாம் நிலை. வெப்ப அலை என்ற பெயர் அதற்குத்தான். 40க்கு மேல் போனால் மூன்றாம் நிலை. 1998 ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் பதிவான நாட்டின் உச்சமே 40.1தான். உங்கள் செய்தியின் கடைசி வரியில் ‘முதல் நிலை’ என்று சரியாகத்தான் இருந்தது. தலைப்பு மட்டும் இரண்டாம் நிலைக்கு ஏறிவிட்டது.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் கார் 41 காட்டியது என்று சத்தியம் செய்கிறார். தார் ரோட்டில் காய்ந்த கார் அப்படித்தான் காட்டும். வானிலை நிலையத்தின் வெப்பமானி புல்தரையில், வெயில் படாத வெள்ளைப் பெட்டிக்குள் அல்லவா இருக்கிறது!

ஆனால் 35 தானே என்று அலட்சியமாக இருந்துவிடவும் முடியாது. பட்டர்வொர்த்தில் அடுக்குமாடியின் மேல்தளத்தில் குடியிருக்கிறேன். இரவு பதினொரு மணிக்கும் சுவர் சுடுகிறது. மின்விசிறியும் அனலைத்தான் வீசுகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வேர்வை காயாது. வேர்வை காயாவிட்டால் உடம்பு ஆறாது. திருச்சியில் இருப்பது வெயில், இங்கே இருப்பது புழுக்கம். அந்த மூன்று நாள் கணக்கில் புழுக்கத்துக்கு இடமே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் தைப்பூசத்துக்கு வந்த அதே அத்தை மகன், பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுவதற்குள் ஒரு தண்ணீர்ப் பந்தல் விடாமல் நின்று நின்று குடித்தார். அன்று 33 டிகிரிகூட இருந்திருக்காது.

ஆகவே இனி இப்படிச் செய்தி போடும்போது எந்த ஊர், எந்த நிலை, எத்தனையாவது நாள் என்பதைத் தலைப்புக்குப் பக்கத்திலேயே போடுங்கள். அன்றைய ஈரப்பதத்தையும் சேர்த்துப் போட்டால், கட்டுமானத்திலும் சாலையோரக் கடையிலும் நிற்பவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
பட்டர்வொர்த், பினாங்கு.